எண்பதுக்கு எண்பது

போன செவ்வாய்க்கிழமை என் மனைவி ஒரு சோதனை எழுதினாள். ஆஸ்பத்திரி மர வாங்கில் உட்கார்ந்துகொண்டு… அறுபத்து மூன்று வயதில்!

அவளுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அன்றுதான் ரிப்போர்ட் வரும் நாள். பத்து நாளாக வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் கட்டியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கதைத்தோம். மழை, முருங்கை, பக்கத்து வீட்டு நாய்… நாய்க்கே அலுத்திருக்கும்.

ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தபோது கம்பஸில் ஆராய்ச்சி செய்யும் பிள்ளை ஒருத்தி வந்தாள். பெரிய கஷ்டம் வந்தால் ஆட்கள் எப்படித் தாங்குகிறார்கள் என்று அளக்கிறாளாம். இருபது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து நாலு வரை போட வேண்டும்.

என் மனைவி நெல்லியடியில் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவள். பேப்பரைக் கண்டதும் முகத்தில் அப்படியொரு களை!

“எவ்வளவு நேரம் பிள்ளை?”

“நேரம் எண்டு ஒண்டுமில்லை ரீச்சர். ஆறுதலா எழுதுங்கோ.”

ஆறுதலாகவா? ஐந்தே நிமிடத்தில் நீட்டிவிட்டாள். நித்திரை வருவதில்லையா — நாலு. சாப்பாடு இறங்குவதில்லையா — நாலு. (காலையில் ஐந்து இடியப்பம் இறங்கியதை நான் பார்த்தேன்.) எண்பதுக்கு எண்பது!

பிள்ளைக்கு முகம் வெளிறிவிட்டது. “ரீச்சர்… இதிலை கூடின மார்க்ஸ் எடுத்தா நிலைமை மோசம் எண்டு அர்த்தம்.”

“அதை முதலே சொல்லியிருக்க வேணுமெல்லோ! வேறை பேப்பர் தா.”

இந்த முறை இருபதுக்கும் பூச்சியம்.

“ரீச்சர், உண்மையை எழுதுங்கோ…”

“உண்மையை எழுதி ஆர் பிள்ளை பாஸ் பண்ணினவை?”

எங்கள் ஊர்க்காரரின் வியாதியே இதுதானே? எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும் பதிலை விட்டுவிட்டு மார்க்ஸைத் தேடுவோம். பக்கத்தில் இருந்த வல்வெட்டித்துறை ஐயா இன்னும் ஒரு படி மேலே. “தங்கச்சி, போன வருசப் பேப்பர் ஒண்டு எடுக்கலாமோ?”

மூன்றாவது பேப்பர். இப்போது பேனை மெதுவாகப் போனது. ஒரு கேள்வியில் நின்றேவிட்டது. ‘உங்கள் பயத்தை வீட்டாரிடம் சொல்ல முடியாமல் தவிக்கிறீர்களா?’ நாலு போட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இஞ்சருங்கோ… எனக்குப் பயமாக் கிடக்கு.”

பத்து நாளில் முதல் தடவை. அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் வலது கையால் நாலை வெட்டிவிட்டுப் பூச்சியம் போட்டாள்.

“அங்கிள், நீங்களும் ஒண்டு நிரப்புறீங்களோ?” என்றாள் பிள்ளை.

ஏன் நிரப்பாமல்? ஆம்பிளை அல்லவா… பயமாவது, தவிப்பாவது! இருபது பூச்சியத்தையும் உருட்டி உருட்டிப் போட்டுக் கொடுத்தேன்.

சிறிது நேரத்தில் உள்ளே கூப்பிட்டார்கள். டொக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “பயப்பிட ஒண்டுமில்லை ரீச்சர். சாதாரணக் கட்டிதான்” என்றார். மனைவி நன்றி சொல்லிவிட்டு, ஹேண்ட்பேக்கை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

டொக்டரின் மேசையைப் பிடித்துக்கொண்டு குழறிக் குழறி அழுதவன், இருபது பூச்சியக்காரன்தான்.