பர்ச்சு நாளில் எடுத்த பேட்டர்ன்

1. உலை மூட்டிய சனிக்கிழமை

சனிக்கிழமை காலை, இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் உலை மூட்டிவிட்டார்கள். எங்கள் பேட்டர்ன் வந்து சேரவில்லை.

பேட்டர்ன் என்பது மரத்தில் செய்த மாதிரி உருவம். அதை ஈர மணலில் பதித்து எடுத்தால் அதே வடிவில் குழி விழும். குழியில் உருக்கிய இரும்பை ஊற்றினால் பாகம் கிடைக்கும். எங்களுக்கு வேண்டியிருந்தது தேங்காய்ப்பால் பிழியும் இயந்திரத்தின் சட்டம். சட்டம் இல்லையென்றால் இயந்திரம் இல்லை. இயந்திரம் இல்லையென்றால் மெர்டேக்கா சுதந்திர தினக் கண்காட்சியில் எங்கள் தொழிற்பள்ளியின் மேசை காலியாக இருக்கும். அந்த மேசைக்குப் பொறுப்பாளன் நான். வயது பத்தொன்பது.

ஃபவுண்டரி முதலாளியான தவுக்கே வாயிலிருந்து சுருட்டை எடுக்காமலே கேட்டார்: "எங்கே உன் கட்டை?"

"வந்துகிட்டிருக்கு, தவுக்கே."

"கட்டைக்குக் கால் முளைச்சிருக்கா? போய்த் தூக்கிட்டு வா. உங்க பள்ளிக்கூட விளையாட்டுக்காக இன்னொரு நாள் நான் உலை மூட்ட மாட்டேன்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு மலாக்காவின் காஜா பேராங் பகுதிக்கு விட்டேன். பேட்டர்ன் செய்தவன் தேவா பிள்ளை. வீடு கம்போங் செட்டி என்ற குடியிருப்பில். வழி முழுக்க அவனிடம் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். வரிசைப்படுத்துவதில் எனக்கு அப்போது நல்ல பழக்கம் வந்திருந்தது. அதற்குக் காரணம் சார்ட்.

2. சார்ட்

எங்கள் குழுவில் நான்கு பேர். ஹாஷிமுக்கு ஃபிட்டிங். அஹ் கியோங்குக்கு லேத். தேவாவுக்கு மரவேலை. எனக்கு டிராயிங்கும் திட்டமும். பேசிக்கொள்வது பஜார் மலாயில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

தேவாவுக்குத் தமிழ் வராது. அவன் முன்னோர் பல தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து வணிகம் செய்ய வந்து, இங்கே பெண் எடுத்து, இங்கேயே தங்கியவர்கள். சாமி பெயர்களையும் சில சொற்களையும் தவிர அவன் வீட்டில் மற்றதெல்லாம் அவர்களுக்கே உரிய ஒரு மலாய். நான் தமிழாசிரியர் மகன். துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில் வீடு. தமிழ் பேசாத இந்துவை அரை இந்து என்றுதான் நான் கணக்கில் வைத்திருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே தெரிந்திருக்கும்.

எங்கள் ஆசிரியர் மிஸ்டர் டி சூசா, உஜோங் பாசிரில் வளர்ந்த போர்த்துகீசிய வம்சாவளிக்காரர். அவர்தான் பார் சார்ட்டைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். இடப்பக்கம் வேலைகள், மேலே வாரங்கள், நடுவில் கோடுகள். எந்த வேலை முடிந்தால் எதைத் தொடங்கலாம் என்று ஒரே பார்வையில் தெரியும்.

"மெஷினை யார் வேணும்னாலும் செய்யலாம், பாய்ஸ்," என்றார். "சொன்ன நாள்ல செய்யறவன்தான் இன்ஜினியர்."

அவர் சொன்னதில் பாதியை நான் அளவுக்கு மீறிப் புரிந்துகொண்டேன். பெரிய வெள்ளைத் தாளில் சார்ட்டை வரைந்து பட்டறைச் சுவரில் ஒட்டினேன். முடிந்த வேலைக்குப் பச்சை, தாமதத்துக்குச் சிவப்பு. சிவப்புப் பெட்டிக்குள் தாமதம் செய்தவர் பெயர் எழுதப்படும். பெயர் எழுதுவது என் சொந்தச் சேர்க்கை. டி சூசா பாராட்டினார். மற்ற மூவரும் எனக்கு 'துவான் சார்ட்', அதாவது சார்ட் துரை என்று பெயர் வைத்தார்கள்.

கண்காட்சிக்கு ஒரு பெரிய பட்டறையிலிருந்து அதிகாரி வருவார், பேட்டர்ன் பிரிவுக்கு ஒரு பயிற்சியாளரை எடுத்துக்கொள்வார் என்று டி சூசா சொல்லியிருந்தார். அந்த இடம் தேவாவுக்குத்தான் என்று நாங்களே பேசி முடித்துவிட்டோம். எங்களில் பேட்டர்ன் செய்யத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவனுடைய அப்பா அந்த வருடத் தொடக்கத்தில் இறந்திருந்தார். வீட்டில் மூத்தவன் அவன். அந்த இடம் கிடைத்தே ஆகவேண்டிய நிலை.

சார்ட்டில் கோடு போடுவதற்கு முன் விடுமுறை நாட்களைக் கேட்டேன். ஹாஷிம் ஹரி ராயா ஹாஜி என்ற ஹஜ் பெருநாளைச் சொன்னான். குறித்துக்கொண்டேன். அஹ் கியோங், "எங்க சீன ஏழாம் மாசத்துல பேய்ங்க பசியோட சுத்தும். பூசை அன்னைக்கு என் அம்மா என்னை லேத் பக்கமே விடமாட்டாங்க," என்றான். அதையும் குறித்தேன். தேவாவிடம் கேட்கவில்லை. அவனும் இந்து, நானும் இந்து. அவன் பண்டிகையெல்லாம் எனக்குத் தெரிந்ததுதானே என்பது என் எண்ணம்.

அவனாகவே சொன்னான். "எங்க வீட்டுப் பர்ச்சுக்கு ஒரு நாள் விடு லா. ஃபவுண்டரி வாரத்துலதான் வருது."

"பர்ச்சுன்னா?"

"பழம் கொட்டற சமயத்துல செத்துப்போனவங்களுக்குப் படைக்கிறது. வீட்டுல எல்லாரும் இருக்கணும்."

நான் பையிலிருந்த பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினேன். அப்பா கொடுத்தது. "இதுல அப்படி ஒண்ணும் இல்லையே."

"உன் புத்தகத்துல இல்ல. எங்க வீட்டுல இருக்கு."

"பஞ்சாங்கத்துல இல்லாத பண்டிகைக்கு நான் எப்படி நாள் விடறது?"

அஹ் கியோங் சிரித்துவிட்டான். "பேய்க்கே நாள் விட்டான், உன் தாத்தாவுக்கு இல்லையாம்!"

தேவாவும் சிரித்தான். நான் கோட்டைப் போட்டேன். பேட்டர்ன், சனிக்கிழமை காலை, ஃபவுண்டரியில்.

3. கதவு

கம்போங் செட்டியில் தேவா வீட்டுக்கு வெளியே உறவினர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பெண்கள் கெபாயா, சாரோங். ஆண்கள் கைலி. கதவு சாத்தியிருந்தது. கதவிடுக்கில் சாம்பிராணிப் புகை வந்தது. யாரும் சத்தமாகப் பேசவில்லை.

"தேவா! பேட்டர்ன் எங்கே?"

"மெதுவா பேசு, துவான் சார்ட். உள்ளே சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க."

"யாரு?"

"தாத்தா, பாட்டி, அவங்களுக்கு முன்னாடி இருந்தவங்க. எல்லாரும்தான்."

"அவங்க செத்துப்போனவங்கதானே?"

"உயிரோட இருந்தா வெளியே என்கூட நின்னிருப்பாங்க லா."

பேட்டர்ன் எங்கே என்று மறுபடியும் கேட்டேன். அதுவும் உள்ளேதான் என்றான்.

"உள்ளேன்னா?"

"சாப்பிடற அறையில. அப்பா இலைக்குப் பக்கத்துல வெச்சேன். இந்த வருஷம்தான் அவருக்கு முதல் இலை. தச்சு வேலை செஞ்சவரு. ஒரு தடவை பார்க்கட்டுமேன்னு."

இதை அவன் தெளிவாகச் சொன்னான். நான் தெளிவாகக் கேட்டேன். கேட்கவில்லை என்று பின்னால் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். எடுபடவில்லை.

"எவ்வளவு நேரமாகும்?"

"அது அவங்க பசியைப் பொறுத்தது. புகை அடங்கினதும் அம்மா கதவைத் தட்டுவாங்க. அது வரைக்கும் யாரும் பார்க்கக் கூடாது. பார்த்தா சாப்பிட மாட்டாங்க. அப்புறம் ஒரு பக்கத்துக்கு ஷெல்லாக் அடிக்கணும். அடிச்சு நானே தூக்கிட்டு வர்றேன்."

"உலை மூட்டியாச்சு, தேவா."

அவன் அம்மா என் அருகே வந்தார். என் தோளைத் தொட்டு, "சாபார், நாக்," என்றார். பொறு, மகனே. அவர் என்னிடம் சொன்னது அவ்வளவுதான்.

நான் படியேறிப் போய்க் கதவைத் திறந்தேன். பேட்டர்ன் சுவரோரமாக இருந்தது. எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கதவை மூடக் கை காலியாக இல்லை. புகை எனக்குப் பின்னால் வெளியேறியது.

யாரும் திட்டவில்லை. அவன் அம்மா இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். தேவா என்னைக் கடந்து படியேறிப் போனான். உள்ளே பார்க்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு, கதவை இழுத்துச் சாத்தினான். நான் பேட்டர்னைச் சைக்கிளின் பின்னால் கட்டினேன். கயிறு சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன்.

ஃபவுண்டரிக்குப் போனால் ஊதுவிசிறியின் பெல்ட் அறுந்திருந்தது. உலை சூடேறாமல் கிடந்தது. பெல்ட்டைத் தைத்து ஓட்டி, எல்லாம் முடிந்து இரும்பு ஊற்றும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. நான் பொறுத்திருக்கலாம். அங்கே சாப்பிட்டிருக்கவும் செய்யலாம்.

4. கண்காட்சி

ஷெல்லாக் என்ற அரக்கு மெருகை அடிப்பது அலங்காரத்துக்காக அல்ல. அடிக்காத மரத்தில் ஈர மணல் ஒட்டும். எங்கள் பேட்டர்னை மணலிலிருந்து தூக்கியபோது மணல் குழியின் ஒரு மூலை பெயர்ந்து வந்தது. தவுக்கேயின் ஆள் கையால் மணலை அப்பிச் சரிசெய்தான். வார்ப்பில் அந்த மூலை மெலிந்தும் சொரசொரப்பாகவும் வந்தது.

அஹ் கியோங் விரலால் தடவிப் பார்த்தான். "இந்த மூலை எனக்குப் பிடிக்கல. இன்னொரு தடவை ஊத்தச் சொல்லு."

"சார்ட்டுல இடம் இல்ல," என்றேன்.

வார்ப்பு வேலைக்குப் பச்சை பூசினேன். பேட்டர்ன் வேலைக்குச் சிவப்பு பூசி, பெட்டிக்குள் தேவா என்று எழுதினேன். காலை வரவேண்டியது காலை வரவில்லை. விதிப்படி சரி.

திங்கட்கிழமை தேவா வந்து சுவரைப் பார்த்தான். "என் பேரை அழகா எழுதியிருக்கே," என்றான். பிறகு கைப்பிடிக்கு மரம் சீவ உட்கார்ந்தான். கடைசி நாள் வரை வேலைக்கு வந்தான். என்னைத் துவான் சார்ட் என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

கண்காட்சி அன்று எங்கள் மேசையைச் சுற்றி நல்ல கூட்டம். ஹாஷிம் துருவிய தேங்காயை உள்ளே போட்டான். நான் கைப்பிடியைச் சுற்றினேன். முதல் தடவை பால் வந்தது, கைதட்டினார்கள். இரண்டாம் தடவை, இன்னும் அழுத்தமாகச் சுற்றிக் காட்டும்படி பட்டறை அதிகாரி கேட்டார். சுற்றினேன். அந்த மூலையில் சட்டம் விரிசல் விட்டுத் திறந்துகொண்டது. பால் பாத்திரத்துக்குப் போகாமல் அதிகாரியின் காலணிக்குப் போனது.

அவர் கோபப்படவில்லை. கைக்குட்டையால் காலணியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "சட்டம் ஏன் போச்சு?"

டி சூசா என்னைப் பார்த்தார். தேவா எனக்குப் பின்னால் நின்றான்.

"பேட்டர்ன் லேட் சார்," என்றேன். "முழுசா முடியாத நிலையில வந்தது."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதனால்தான் இத்தனை வருடம் அதை வைத்துக்கொண்டு வாழ முடிந்தது.

"பேட்டர்ன் யாருடையது?"

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேசைக்குப் பின்னால் சார்ட்டையும் மாட்டி வைத்திருந்தேன். அவரே படித்துக்கொண்டார். பிறகு சார்ட்டின் அருகே போய் நெடுநேரம் நின்றார். "இதை வரைஞ்சது யாரு?"

அந்த வருடம் பேட்டர்ன் பிரிவுக்கு யாரையும் எடுக்கவில்லை. திட்டப் பிரிவில் எனக்கு இடம் கொடுத்தார்கள். இயந்திரம் உடைந்தது, அதைத் திட்டமிட்டவனுக்கு வேலை கிடைத்தது. தொழிலில் இது அப்படியொன்றும் அபூர்வம் இல்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

மண்டபத்துக்கு வெளியே ஹாஷிம் தேங்காய் மட்டைகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிராமல் கேட்டான்: "உன் பேரை எழுதறதுக்குச் சிவப்புப் பென்சில் போதலையா?"

தேவா அதற்குள் சைக்கிளில் போய்விட்டிருந்தான்.

5. குருபோங்

நான் திட்டப் பிரிவிலேயே ஓய்வு பெற்றேன். பாலம், தண்ணீர்த் தொட்டி, மருத்துவமனைக் கட்டடம் என்று நிறைய சார்ட் போட்டாகிவிட்டது. என் கீழே வேலை செய்தவர்களுக்கு ஒரு வழக்கம் நினைவிருக்கலாம். கோடு போடுவதற்கு முன் மேஸ்திரி, வெல்டர், லாரி டிரைவர் என்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "உங்க வீட்டுல எந்த நாள் நீங்க இருந்தே ஆகணும்?" என்று கேட்பேன். எந்த நாட்காட்டியிலும் தேட மாட்டேன். சொன்ன நாளை அப்படியே குறிப்பேன். சிவப்புப் பெட்டியில் பெயர் எழுதுவதையும் விட்டுவிட்டேன். வேலைகள் பெரும்பாலும் நேரத்துக்கு முடிந்தன. என்னை இரக்கமுள்ள மேலதிகாரி என்றார்கள். நான் திருத்தவில்லை. திட்டம் போட வருகிற இளைஞர்களுக்கு என்னிடம் இருக்கிற பாடம் இது ஒன்றுதான். அது யாருடைய செலவில் கற்றது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் முழுமை.

தேவா ஒரு மரச்சாமான் கடையில் வேலை பார்த்தான் என்று கேள்விப்பட்டிருந்தேன். மலாக்கா சிறிய ஊர். அவனைப் பார்க்காமல் இருப்பதற்கு நான் மெனக்கெட வேண்டியிருந்தது. கடைசியில் சென்ற வருடம் குருபோங்கில் அவன் மகள் வீட்டைத் தேடிப் போனேன். தலை முழுக்க நரைத்திருந்தது. அடையாளம் கண்டுகொண்டான்.

"துவான் சார்ட்," என்றான்.

மன்னிப்புக் கேட்பதற்காகத் தயார் செய்து வைத்திருந்ததை வரிசையாகச் சொன்னேன். பஞ்சாங்கம், கதவு, சிவப்புப் பெட்டி, அதிகாரியிடம் சொன்ன பதில். அவன் குறுக்கிடவில்லை. முடித்ததும் காப்பியை என் பக்கம் நகர்த்தினான்.

"வேலை போனது போகட்டும். இன்னொரு வேலை கிடைச்சுது," என்றான். "என் அம்மாதான் சாகற வரைக்கும் ஒண்ணையே கேட்டுக்கிட்டு இருந்தாங்க. அன்னைக்கு அப்பா சாப்பிட்டாரா இல்லையான்னு. முதல் இலை இல்லையா. நான் 'சாப்பிட்டாரும்மா'ன்னு சொல்லிடுவேன். எனக்கு எப்படித் தெரியும்? உள்ளே போனவன் நீ ஒருத்தன்தான்."

காப்பியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லு," என்றான். "அப்பா இலை எப்படி இருந்துச்சு?"

பேட்டர்ன் எந்தச் சுவரோரம் சாய்ந்திருந்தது, எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, எந்த மூலையில் ஷெல்லாக் படவில்லை என்று இன்றும் என்னால் படம் வரைந்து காட்ட முடியும். இலை எத்தனை, இலையில் என்ன பழம், யாருக்கு எது, ஒன்றும் தெரியாது.

"நான் பார்க்கல, தேவா," என்றேன். "பேட்டர்னைத் தவிர எதையும் பார்க்கல."

"பார்க்கலையா? அப்ப சரி," என்றான். "யாரும் பார்க்கலைன்னா அவர் சாப்பிட்டுத்தான் இருப்பாரு."

ஆறுதலுக்குச் சொன்னானா, கிண்டலுக்குச் சொன்னானா என்று அவன் முகத்தில் தெரியவில்லை. அந்தப் பதிலை வாங்கிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. வாங்கிக்கொண்டேன்.