ஊசியால் தொடாத படிகம்

டேப் இழுபடும் சத்தம். அட்டைப்பெட்டியின் வாய்மேல் பழுப்பு டேப்பை ஒரே இழுப்பாக இழுக்கும்போது எழுகிற கிழிசல். நான் இப்போது பாடம் நடத்தும் கல்லூரியில் யாராவது பெட்டி கட்டினால் போதும், நெய்வேலி குவார்ட்டர்ஸின் முன்னறைக்குப் போய்விடுகிறேன். அப்பா தரையில் குந்தியிருக்கிறார். டேப்பைப் பல்லால் கடித்து அறுக்கிறார்.

அப்போது நான் நகரத்து ஆய்வகமொன்றில் ஒரு புரதத்தின் பின்னால் ஒன்பது வருடம் அலைந்திருந்தேன். அது எங்கே மடிகிறது, எங்கே குழிகிறது, அதன் உருவம்தான் என்ன? அதைக் கண்டுபிடிப்பது என் வேலை. சுத்தம் செய்த புரதத்தைத் துளித்துளியாகப் பிளாஸ்டிக் தட்டில் உப்புக் கரைசலோடு வைத்து மூடி, படிகமாக வளரக் காத்திருக்க வேண்டும். வளர்ந்தால் எக்ஸ்ரே கதிரில் காட்டி உருவத்தைக் கணக்கிடலாம். பெரும்பாலும் வளராது. காலையில் மைக்ரோஸ்கோப்பில் குனிவேன், கலங்கல். நிமிர்ந்து டீ குடிக்கப் போவேன். ஒன்பது வருடம் குனிந்ததும் நிமிர்ந்ததும்தான்.

என் வேலை கான்ட்ராக்ட். நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டாம். அங்கே மனிதர்கள் இரண்டே வகை, கான்ட்ராக்ட், பெர்மனென்ட். அப்பா பெர்மனென்ட், கம்மாபுரம் பக்கத்து நிலத்தையும் வீட்டையும் நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கொடுத்து வாங்கிய பெர்மனென்ட். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸை விட வேண்டும், திரும்பிப்போக ஊரில் கூரை கிடையாது.

அவர் ஓய்வுக்கு நான்கு மாதம் இருந்தபோது, ஒரு துளியில் படிகம் முளைத்திருந்தது. கூரான விளிம்பு. கண்ணாடித் தெளிவு. கரைசலில் இருக்கும் உப்பும் படிகமாகும் என்பது தெரியும். சந்தேகம் தீர ஊசி முனையால் அழுத்திப் பார்ப்போம். புரதம் மாவாய் உதிரும், உப்பு டக்கென்று உடையும். இருந்ததோ ஒன்றே ஒன்று. ஊசியை எடுத்தேன், வைத்தேன். அப்பாவுக்குப் போன் செய்தேன்.

உருவம் கிடைத்தால் என்னை நிரந்தரமாக்க எழுதுவதாக ஆய்வகத் தலைவர் சொல்லியிருந்தார். அதையும் சொன்னேன். வேலை நிரந்தரமென்றால் குவார்ட்டர்ஸ் உண்டு. அப்பாவுக்குத் தெரிந்த உலகில் இரண்டும் தனித்தனியாக வருவதில்லை. எங்கள் நிறுவனத்தில் விஞ்ஞானிகளுக்கு வீடு கிடையாது என்று சொல்லத் தோன்றவில்லை எனக்கு. மறுநாள் அப்பா ஷிஃப்ட் பஸ்ஸில் லட்டு கொடுத்தாராம்.

ஒரு மாதம் கழித்து எக்ஸ்ரேயில் வைத்தோம். புரதமென்றால் திரை முழுக்கப் புள்ளிகள் மொய்க்கும். எங்கள் திரையில் ஏழெட்டுப் புள்ளிகள், ஒன்றையொன்று அறியாத தூரத்தில். உப்பு. பக்கத்தில் நின்ற சக ஆய்வாளர் என் தோளைத் தொட வந்து, தொடாமல் போனார். என் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை.

அப்பாவிடம் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் போனில் மழையைப் பற்றிப் பேசி வைத்தேன். ஒரு ஞாயிறு, ஓய்வுக்குப் பின் குடிபோகப் பக்கத்து மந்தாரக்குப்பத்தில் பேசிவைத்திருந்த வாடகை வீட்டை வேண்டாமென்று விட்டதாகச் சொன்னார். பெண் வீடே இருக்கும்போது அது எதற்கு? "சரிப்பா" என்றேன். அந்த ஒரு சொல்லை இன்னும் விழுங்க முடியவில்லை.

குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கும்போது நெய்வேலி போனேன். பெட்டிகளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தார்: பாப்பா குவார்ட்டர்ஸ், சமையல். பாப்பா குவார்ட்டர்ஸ், சாமி படம். அம்மாவின் புடவைகளுக்கும் ஒரு பெட்டி. அம்மா இறந்து ஆறு வருடமாகியும்.

"எத்தினியாவது மாடின்னு நீ சொல்லவே இல்லியேம்மா. பீரோவ எப்பிடி ஏத்தறது?"

வீடே இல்லை என்றேன். வேலையும் இல்லை. வளர்ந்தது உப்பு.

முதலில் சிரித்தார். "உப்புக்கா ஒம்போது வருஷம்? மரக்காணத்துல மலையா குவிச்சி வச்சிகினு இருக்கானேம்மா."

எனக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் கொடுமை. பிறகு, எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார்.

"மூணு மாசம் ஆச்சுப்பா."

டேப்பைக் கீழே வைத்தார். "அப்ப அந்த வூட்ட வேணாம்னுட்டேன்னு நான் சொன்னப்பவே உனுக்குத் தெரியும்."

நான் அந்த டேப்பை எடுத்து, பாதி மூடிய பெட்டியை ஒட்டினேன்.

மந்தாரக்குப்பத்து வீட்டில் வேறு குடும்பம் வந்துவிட்டிருந்தது. அப்பாவோடு வேலை பார்த்தவர் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஓர் அறை கிடைத்தது. பீரோ வாசலுக்குள் நுழையவில்லை. அங்கேயே யாருக்கோ கொடுத்தார். பெட்டிகளைச் சுமந்தபோது, எழுத்து இருந்த பக்கத்தை அவரே சுவரைப் பார்த்துத் திருப்பி அடுக்கினார். என்னோடு நகரத்துக்கு வாருங்கள், சின்ன அறையானாலும் இருக்கலாம் என்றேன். கேட்காதவர்போல் ஜன்னல் கொக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் பஸ் ஸ்டாண்டு வரை என் பையைத் தூக்கிவந்தார். ஜன்னலோர இருக்கை பிடித்து, தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்தார். முகத்தில் கோபம் தேடினேன், களைப்புதான் இருந்தது. வண்டி உறுமத் தொடங்கியதும் ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"கொஞ்ச நாளைக்கு நீ போன் பண்ணாதம்மா. நானே பண்றேன்."