வால்ட்டர் பிரான்சிலிருந்து திரும்பினானா?

"வால்ட்டர் இப்போது பிரான்சில் நிற்கிறான்" என்று அலிஸ்டர் சொன்னது, நான் அவர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்த முதற்கிழமை. ஓட்ஸ் கஞ்சியைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே சொன்னார். மகனாக்கும் என்று நினைத்து, எப்போது திரும்பி வருகிறார் என்று என்னுடைய ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "அதுதான் எனக்கும் தெரியவேண்டும்" என்றார். அன்று பின்னேரம்தான் விளங்கியது, வால்ட்டர் பிரான்சுக்குக் கப்பலேறி ஏறத்தாழ அறுநூறு வருடங்கள் ஆகிவிட்டன என்று.

அலிஸ்டர் எண்பது கடந்தவர். கனடாவில், மொன்ட்ரியால் நகரின் ஓரத்திலுள்ள இல்-பிசார் தீவில் தனி வீடு. மனைவி இல்லை, ஒரே மகன் இளவயதில் இறந்துவிட்டான், மகள் ஃபியோனா தொலைவில், கல்கரியில். கண்ணின் நடுப்பார்வை போய்விட்டதால் எதையும் தலையைச் சரித்து ஓரமாகத்தான் பார்ப்பார். அவரைக் குளிக்கவார்த்து, மருந்து கொடுத்து, சமைத்து, வாசித்துக் காட்டுவது என் வேலை. நாங்கள் இருந்தது மொன்ட்ரியால்-நோரில். அங்கே இரவில் நான் இருமினால் சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த ஹெயிட்டிக் கிழவி எழும்பித் தண்ணீர் குடிப்பாள். அங்கிருந்து மெட்ரோ, பிறகு பஸ், பிறகு எப்போதாவது வரும் இன்னொரு பஸ் என்று தீவுக்குப் போய் இறங்கினால், காதுக்குள் ஏதோ அடைத்ததுபோல இருக்கும். அவ்வளவு அமைதி. ஒவ்வொரு வீட்டுக்கும் இடையில் எங்கள் ஊரில் நான்கு குடும்பம் குடியிருக்கக்கூடிய புல்வெளி.

அவருடைய சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிடுவதில்லை. அதன் மேலே தாள்களை ஒட்டி ஒட்டி ஒரு வம்சம் விரிந்து கிடந்தது. ஸ்கொட்லாந்தில் ஒரு காலத்தில் கோட்டையும் நிலமும் ஆண்ட கின்லாரக் என்ற பிரபுக் குடும்பம். அலிஸ்டரின் கடைசிப் பெயரும் கின்லாரக்தான். அவருடைய பாட்டனார் மொன்ட்ரியாலில் ரயில் பட்டறையில் வேலை செய்தவர். ஆனால் தாங்கள் அந்தப் பிரபுவின் வழி என்று வீட்டில் சொல்லி வந்திருக்கிறார்கள். மேசையின் இந்தக் கரையிலிருந்து மேலே போகும் கோடும், அந்தக் கரையிலிருந்து கீழே வரும் கோடும் நடுவில் ஒரு சாண் இடைவெளியில் நின்றன. அந்த இடைவெளிக்குள்தான் வால்ட்டர் நின்றான். பிரபுவின் இளைய மகன். பிரெஞ்சு மன்னருக்கு உதவியாக ஆங்கிலேயரோடு சண்டை பிடிக்கப் போன ஸ்கொட்லாந்துப் படையில் அவனும் ஒருவன். அந்தப் படையில் பெரும்பகுதி ஒரே பகலில் அழிந்துபோனது. அதன் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஆனால் பிறகொரு காலத்தில், அந்தக் கோட்டைக்கு அருகே ஒரு கிராமத்தில் வால்ட்டர் கின்லாரக் என்று ஒருவன் இருந்திருக்கிறான். அவனிலிருந்து அலிஸ்டர்வரை கோடு அறாமல் வருகிறது. இரண்டு பேரும் ஒரே ஆள்தான், சண்டையில் தப்பி ஒளித்துத் திரும்பி வந்தவன் என்பது அலிஸ்டரின் நம்பிக்கை. தனக்குப் பின்னால் பெயர் சொல்ல ஆளில்லாத மனிதர், முன்னால் இருந்தவர்களையாவது பிடித்துவிட வேண்டும் என்று தவித்தார்.

ஒருநாள் என் குடும்பப் பெயரைக் கேட்டார். சந்தியாப்பிள்ளை என்றேன்.

"எத்தனை தலைமுறையாக?"

"ஒன்று. அது அப்பாவின் பெயர்."

"அப்பாவின் குடும்பப் பெயர்?"

"மரியாம்பிள்ளை. அது அவருடைய அப்பாவின் பெயர்."

"உன் பிள்ளைகளுக்கு?"

"அந்தோனி. என் பெயர்."

அவர் தலையைச் சரித்து என்னைக் கனநேரம் பார்த்தார். "அப்படியானால், உங்களில் ஒருவர் தொலைந்துபோனால் எப்படித்தான் கண்டுபிடிப்பீர்கள்?" என்று உண்மையான இரக்கத்தோடு கேட்டார். நான் சிரித்தேன். அது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. அப்போது என்னால் சிரிக்க முடிந்தது.

எங்களுக்கு மன்னார். அந்த வருடம் சண்டை நகர நகர, அம்மாவும் என் தம்பி யூட்டும் வீட்டை விட்டு வன்னிக்குள் போனார்கள். தம்பி லொறி ஓட்டுபவன். முதலில் அரிசி மூட்டை ஏற்றினான், பிறகு சனத்தை ஏற்றினான், கடைசியில் டீசல் இல்லாமல் லொறியை ஒரு தென்னங்காணிக்குள் விட்டுவிட்டு நடந்தார்கள். அடுத்த வருடம் தை மாதத்துக்குப் பிறகு அவர்களிடமிருந்து ரெலிபோன் இல்லை. நான் காலையில் அலிஸ்டருக்குச் சவரம் செய்துகொண்டிருப்பேன், கை தன்பாட்டில் வேலை செய்யும், மனம் கடற்கரை மணலில் பதுங்குகுழி தேடும். வைகாசியில் எல்லாம் முடிந்தது என்றார்கள். ஆடியில் அகதி முகாமுக்குள் இருந்து அம்மாவின் குரல் வந்தது. தம்பியைப் பற்றி நான் கேட்க முன்னமே அவவே சொன்னா.

"பாலத்தாலை வரேக்கை ஆமிக்காரங்கள் அவனை ஒரு பக்கமா வரச் சொன்னவங்கள். விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டவங்கள். பஸ்ஸிலை ஏத்தினதைக் கண்ணாலை கண்டனான் மோனை. நீலச் சேட்டு. திரும்பிப் பாத்தவன்."

அதற்குப் பிறகு அவனைக் கண்டவர்கள் இல்லை.

அலிஸ்டரிடம் சொன்னேன். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். எழும்பித் தடவித் தடவி மேசைக்குப் போய், வால்ட்டரின் இடைவெளியில் விரலை வைத்தார். "அந்தச் சண்டையில் செத்த பிரபுக்களின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. இவனுடைய பெயர் அதில் இல்லை. செத்தவர்களில் பெயர் இல்லையென்றால், அவன் உயிரோடு இருந்திருக்கிறான்" என்றார். எனக்கு அந்த வசனம் தேவைப்பட்டது. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதை மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வால்ட்டர் திரும்பி வரவேண்டும் என்று அலிஸ்டரை விட நான்தான் அதிகம் ஆசைப்பட்டேன் என்று நினைக்கிறேன்.

கார்த்திகையில் அம்மாவை முகாமிலிருந்து விட்டார்கள். மன்னாரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் போய் இருந்தா. ஊரில் மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். மாதா கோயில் பங்குச் சுவாமி பக்குவமாக, தம்பியின் ஆன்மாவுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுத்தால் மனம் ஆறும் என்றாராம். அம்மா கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டா. "உயிரோட இருக்கிற பிள்ளைக்கு நான் ஏன் ஆத்துமப் பூசை குடுக்கோணும்?" என்று ரெலிபோனில் என்னோடு சண்டை பிடித்தா. அவவை ஆற்றுவதற்கு எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. வால்ட்டரைச் சொன்னேன்.

"அம்மா, நான் வேலை செய்யிற வீட்டுக்காரற்றை ஆள் ஒருத்தன். சண்டைக்குப் போய்க் காணாமல் போனவன். செத்த ஆக்களின்ரை பேரிலை அவன்ரை பேர் இல்லையாம். வந்திருப்பான் எண்டு தேடுகினம்."

அம்மா அழுகையை நிறுத்தினா.

"தாய் இருக்கிறாவோ?"

நான் ரெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அந்தத் தாய்க்குச் சொல்லு, விடவேண்டாமெண்டு" என்றா அம்மா.

மார்கழித் தொடக்கத்தில், அலிஸ்டர் எடின்பரோவில் ஏற்பாடு செய்திருந்த ஆராய்ச்சிக்காரப் பெண்ணிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் வாசித்தேன். கிராமத்து வால்ட்டர் பிரபுவின் மகன் அல்ல, அந்தக் காணியில் குத்தகைக்கு உழுதவன் ஒருவனின் மகன். பிரபுவின் நிலத்தில் இருந்த சனம் பிரபுவின் பெயரையே தங்களுக்கும் வைத்துக்கொள்வது அந்த நாட்டில் வழக்கம். பிரான்சுக்குப் போன வால்ட்டரைப் பொறுத்தவரை அவனுடைய தாய்... நான் நிறுத்திவிட்டேன்.

"வாசி" என்றார் அலிஸ்டர்.

அவனுடைய தாய், சண்டை நடந்து இரண்டு வருடங்களின் பின், தன் சீதனக் காணியில் ஒரு பகுதியைத் துறவிமடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். பிரான்சில் இறந்த தன் மகன் வால்ட்டரின் ஆன்மாவுக்காக வருடாவருடம் பூசை வைக்கவேண்டும் என்று.

"தாயின் பகுதியைத் திரும்ப வாசி."

திரும்ப வாசித்தேன்.

"இரண்டு வருடம் பார்த்திருந்திருக்கிறாள்" என்றார். பிறகு, "அப்படியானால் நாங்கள் அவர்களுடைய குதிரைச் சாணம் அள்ளியவர்கள்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. எழும்பிப் போய் மேசையில் ஒட்டியிருந்த தாள்களை நகத்தால் கிளப்பத் தொடங்கினார். பார்வை தெரியாததால் தாள் துண்டு துண்டாகக் கிழிந்து வந்தது. நான் உதவிக்குப் போனேன். மேசையைத் துடைத்து, அன்றைக்கு முதல்முதலாக நாங்கள் இருவரும் அதில் உட்கார்ந்து சூப் குடித்தோம்.

பாதியில் கேட்டார். "உன் தம்பி... அவர்கள் செத்தவர்களின் பெயர் ஏதும் வெளியிட்டார்களா?"

"இல்லை."

"அப்படியானால்..." என்று தொடங்கினார். பிறகு கரண்டியைக் கீழே வைத்தார். சூப் ஆறிப்போனது.

நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு அவருக்குச் சளி நெஞ்சில் கட்டியது. தை மாதம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். தீவுக்குப் பக்கத்தில், பியர்ஃபோனில் சிறிய தேவாலயம் ஒன்றில் ஆராதனை. வந்தவர்கள் பெரும்பாலும் ஊன்றுகோல் பிடித்த கிழவர்கள். சவப்பெட்டி தூக்க ஆள் போதவில்லை. ஃபியோனா என்னிடம் வந்து, குடும்பத்து ஆளாக ஒரு பிடி பிடிப்பாயா என்று கேட்டாள். பிடித்தேன். எங்கள் ஊர் நினைப்பில், தோளில் ஏற்றுவார்களாக்கும் என்று குனிந்துவிட்டேன். மற்றவர்கள் கைப்பிடியில் இடுப்பளவில்தான் தூக்கினார்கள். பெட்டி என் பக்கம் உயர்ந்து மறுபக்கம் சரிந்தது. ஒரு கிழவர் மெதுவாக என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

சேமக்காலையில் குழி வெட்டியிருக்கவில்லை. மண் கல்லாக உறைந்து கிடந்தது. கல்லால் கட்டிய ஒரு அறைக்குள், வேறு பெட்டிகளோடு அவரையும் வைத்தார்கள். சித்திரை வைகாசியில் மண் இளகிய பிறகு அடக்கம் செய்வார்களாம். கதவைப் பூட்டினார்கள். ஃபியோனா கல்கரிக்கு விமானம் ஏறினாள்.

அன்று இரவு அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். அங்கே விடிந்திருந்தது.

"தாட்டாச்சோ?" என்று கேட்டா.

"இன்னும் இல்லையம்மா. பனி. மண் இளகோணும்."

"அப்ப ஆர் அவரோட இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"அந்த மோன் வந்தவனோ செத்த வீட்டுக்கு? சண்டைக்குப் போன பிள்ளை?"

அவ வால்ட்டரை அலிஸ்டரின் மகன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறா என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அறுநூறு வருடத்தை நான் எப்படி விளங்கப்படுத்துவது?

"இல்லையம்மா. அவன் வரேல்லை."

தொலைவில் காகம் கத்துவது கேட்டது. மன்னார்க் காகம். பிறகு அம்மா, "அந்த மனுசனுக்கு ஒரு பூசை குடு, பாவம்" என்றா. மூச்சு விட்டா. "தம்பிக்கும் ஒண்டு குடு."

சுகத்துக்கா ஆன்மாவுக்கா, என்ன பூசை என்று நான் கேட்கவில்லை. அவவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை எங்கள் தெருமுனைக் கத்தோலிக்கக் கோயிலின் அலுவலகத்துக்குப் போனேன். கணக்கப்பிள்ளை அம்மா வயதானவர், கியூபெக் பிரெஞ்சுக்காரி, மூக்கில் கண்ணாடி. பூசைக்கு அலிஸ்டரின் பெயரைச் சொன்னேன். தெஃபன், காலமானவர் என்றேன். அவர் புரொட்டஸ்தாந்துக்காரர் என்று நான் சொல்லவுமில்லை, அவ கேட்கவுமில்லை. எழுதிக்கொண்டா. அடுத்த பெயர்?

"யூட். யூட் சந்தியாப்பிள்ளை."

எழுத்துக் கூட்டச் சொல்லி எழுதினா. பிறகு பேனையைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தா. "விவான் ஊ தெஃபன்?"

உயிரோடிருப்பவரா, காலமானவரா.

"ஜ ந செ பா" என்றேன். தெரியாது. இந்த நாட்டுக்கு வந்து நான் முதலில் பாடமாக்கிய பிரெஞ்சு வசனம் அதுதான். கடையில், பஸ்ஸில், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லி வாயில் பழகிப்போனது.

அந்த அம்மாவின் முகத்தில் இரக்கம் வந்தது. எனக்குப் பிரெஞ்சு விளங்கவில்லை என்று நினைத்துவிட்டா. பேனையைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு விளங்கவேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு சொல்லாக, மெதுமெதுவாக, அதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டா.