முதல்தரச் செம்பு

பத்தாம் வகுப்பு படிக்கும் என் தங்கைக்கு மின்காந்தம் செய்யக் கம்பி வேண்டும் என்றபோது வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாறசாலை ஆக்ரிக்கடையில் பழைய இரும்பும் செம்பும் பிரிக்கிறவன். பிளஸ் ஒன்னில் பாதி வழியில் இறங்கிக்கொண்டவனை அறிவியல் திரும்பக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

அவளுக்கு அது விளையாட்டில்லை. சாஸ்திர மேளா என்கிற பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்கு வகுப்பிலிருந்து ஒரே ஒரு பரிசோதனைதான் போகும். வெள்ளிக்கிழமை டீச்சர் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். எதையும் ஆசைப்பட்டுக் கேட்காதவள், இதற்குப் போகணும் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தாள்.

காஞ்சிரங்குளத்திலிருந்து வந்த கிணற்று மோட்டார் ஒன்றை உடைத்துக் கம்பி எடுத்தேன். கடை வழக்கப்படி தீயில் காட்டி மேல்பூச்சை எரித்து, உப்புத்தாளால் தேய்த்தேன். அப்படிப் பளபளத்தால்தான் எங்கள் கடையில் முதல்தரம். தங்கைக்கு இரண்டாம்தரமா கொடுப்பது?

"இன்னா பிடி. கல்யாணத்துக்கு மாலை செய்யக்கூடிய சரக்காக்கும்."

"ஒனக்குப் பொண்ணு கிட்டட்டு, செஞ்சு தாறேன்."

கம்பி சுற்ற எப்போதும் அதே ஆணி, அதே பேட்டரி. சுற்றுகளை மட்டும் கூட்டி, எத்தனை குண்டூசி ஒட்டுகிறது என்று எண்ணுவது அவள் திட்டம். நான் கட்டிலில் கிடந்து யோசனை சொன்னேன்.

"பேட்டரியையும் ஒண்ணு கூட்டு மக்கா, நெறய பிடிக்கும்."

"ரெண்டையும் ஒண்ணிச்சு மாத்துனா எதுனால பிடிச்சுதுன்னு எப்பிடித் தெரியும்? சாயாவுல பாலும் சீனியும் கூட்டிப் போட்டு, நல்லாருக்குன்னா எதுனால?"

"காசு நீ குடுக்கதுனால."

இருபது சுற்றுக்கு மூன்று குண்டூசி ஒட்டியது. நாற்பதுக்கும் மூன்று. அறுபதுக்கு இரண்டு, பேட்டரி வேறு சுட்டது. சுற்று கூடினால் பலம் கூடும் என்கிறது பாடப்புத்தகம். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"புக்குல உள்ளதுபோல எழுது ஏட்டீ. டீச்சர் வந்து குண்டூசியா எண்ணப் போறாங்க?"

"நான் எண்ணியாச்சே" என்றாள்.

கம்பியை ஆணியிலிருந்து பிரித்து விளக்குப் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அண்ணா, மோட்டாருக்குள்ள இருக்கப்பமும் இந்தக் கலர்தானா?"

"இல்ல. மேல வார்னிஷ் போல ஒரு அழுக்கு உண்டு. நாந்தான் எரிச்சேன்."

அவள் சிரித்த சிரிப்பில் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அந்த அழுக்கு இருந்தாத்தான் கரண்ட் சுத்திச் சுத்திப் போவும். இல்லெங்கி கம்பியும் கம்பியும் தொட்டு, குறுக்கால சாடிப் போயிரும். நீ ஸ்கூலுக்குன்னு எறங்கி சினிமாக் கொட்டகைக்குப் போவியே, அதுபோல."

மறுநாள் அதே மோட்டாரில் எரிக்காமல் கிடந்த மீதிக் கம்பியைக் கொண்டுவந்தேன். சுற்று கூடக் கூட குண்டூசிகள் கொத்தாகத் தொங்கின. என் கம்பியைத் தூர எறிவாள் என்று நினைத்தேன். எறியவில்லை. இரண்டு ஆணிகளிலும் ஒரே எண்ணிக்கையில் சுற்றினாள்: ஒன்றில் பூச்சுள்ளது, இன்னொன்றில் என்னுடையது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஸ்கூல் பையோடு கடைக்கு எதிரே ரோட்டில் வந்து நின்றாள்.

"டீச்சர் கேட்டாங்க, பிடிக்காத காந்தத்த என்னத்துக்குக் கொண்டு வந்தேன்னு. அது எங்க அண்ணன் செஞ்ச முதல்தரமாக்கும்னு சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"அதத்தான் ரொம்ப நேரம் பாத்தாங்க. மேளாவுக்கு ரெண்டையும் கொண்டு வரச் சொன்னாங்க."

கடையில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் அடுத்த மோட்டாரைப் பிரித்தேன். தீ மூட்டும் முன்பு ஒரு சுருளை எடுத்துத் தனியாக வைத்தேன்.