மூடியை நான் திறக்கலை

இன்னிக்கு சாயங்காலம் பால்கனியில கிரில் அடுப்பைப் பத்த வச்சேன். கரி சிவந்து, அடுப்பு மூடியைப் போட்டதும் காலிங் பெல்.

மேல் வீட்டு உஷா அக்கா. "ஜெசி, புகையெல்லாம் எங்க ஹாலுக்குள்ள வருது."

நியாயம்தான். மன்னிப்பு கேட்டு, அடுப்பை அந்தக் கோடிக்கு நகர்த்தினேன்.

அக்கா போகலை, பின்னாடியே பால்கனிக்கு வந்துட்டாங்க. "புகை கிடக்கட்டும்மா. இன்னிக்குப் புரட்டாசி சனிக்கிழமை. நீங்க சர்ச்சுக்குப் போறவங்க, உங்களுக்கு விரதம் இல்லைதான். அதுக்காக இன்னிக்கா கோழி சுடணும்?"

அடுப்புல இருந்தது கத்தரிக்காய். நீடாமங்கலத்துல வாங்கினது. ராத்திரி இட்லிக்கு சுட்ட கத்தரிக்காய் கொத்சு.

மூடியைத் தூக்கிக் காட்டியிருந்தா அக்கா சிரிச்சிருப்பாங்க. நானும் சிரிச்சிருப்பேன். மேல் வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொத்சும் போயிருக்கும்.

கை மூடி வரைக்கும் போச்சு. திறக்கலை.

"புகை வந்தா சொல்லுங்கக்கா, உடனே அணைச்சிடறேன். உள்ள என்ன வேகுதுன்னு மட்டும் கேக்காதீங்க"ன்னேன்.

அக்கா முகம் சுருங்கிப்போச்சு. திரும்பிப் படியேறிட்டாங்க.

என் வீட்டுக்காரர் இன்னும் திட்டிக்கிட்டிருக்கார். "கத்தரிக்காய்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுது. எதுக்கு இந்த வீம்பு?"

வீம்புதான். இன்னிக்குக் கத்தரிக்காயைக் காட்டி நல்லவள்னு பேர் வாங்கிட்டா, நாளைக்கு ஞாயித்துக்கிழமை நிஜமாவே கோழி சுடும்போது நான் யாரு?

கொத்சு பிரமாதமா வந்திருக்கு. என்னைத் திட்டணும்னு நினைக்கிறவங்க இட்லியோட வாங்க.