படமே இல்லாத தாத்தாவுக்குப் படத்திறப்பு

இப்படித்தான் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். அண்ணன் மகள் எழுதிய கவிதை இன்று வீட்டையே அழவைத்துவிட்டது.

அண்ணன் கட்டிய புது வீட்டில் எங்கள் தாத்தாவுக்குப் படத்திறப்பு. ஆனால் படம் கிடையாது. அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டிய கூலிக்காரரை யார் போட்டோ எடுத்தார்கள்? அவரைப் பார்த்தவர்களும் இப்போது இல்லை.

"மூஞ்சே தெரியாத மனுசனுக்கு எப்படிமா மாலை போடுறது?" என்று அண்ணன் தன் மகளிடம் கலங்கினார்.

அதனால் அவள் கவிதை எழுதிச் சட்டம் போட்டாள். தகவல் முழுக்க நான் கொடுத்தது. எழுத்துப்பிழை மட்டும் அவளுடையது.

இன்று திரையை விலக்கி அவளே படித்தாள்.

'சிரித்தால் இடக்கண் மூடிக்கொள்ளும் என் கொள்ளுத்தாத்தா
அப்பாவின் முகத்தில் இன்னும் சிரிக்கிறார்.'

அண்ணன் தன் இடது கண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"டேய் தம்பி, இது அவரு குடுத்ததாடா?"

"ஆமாண்ணா. அப்பா என்கிட்ட மட்டும் சொல்லிக்கினே இருப்பாரு."

மாலையைப் போட்டுவிட்டு, கண்ணாடி முன் நின்று அழுதுகொண்டே சிரித்துப் பார்த்தார்.

உங்களிடம் மறைப்பானேன்? அப்பா அப்படி எதுவும் சொல்லவில்லை. அண்ணனின் கண்ணைத்தான் தாத்தாவுக்குக் கொடுத்தேன்.

தாத்தா வேறு மாதிரி சிரித்தார் என்று தெரிந்தவர்கள் தாராளமாகக் கமெண்ட் போடலாம். அண்ணனிடம் பட்டன் போன்தான் இருக்கிறது.