நத்தையின் வைரசும் பேராசிரியரின் புகழும்

என் பேராசிரியருக்குச் சேறு பிடிக்காது. உப்புக் காற்று பிடிக்காது. வழவழவென்று இருக்கும் எதையும் தொடப் பிடிக்காது. கடலுயிர்களின் நோய்களை ஆராயும் குழுவுக்கு அவரைத்தான் தலைவராக வைத்திருந்தார்கள். மலேசியாவின் ஸ்கூடாயில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் நான் வேலை பார்த்தேன். லாபிஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, படித்து, முனைவர் பட்டமும் வாங்கியிருந்தேன். ஒரு தமிழரின் கீழ் ஆய்வு செய்யப் போகிறோம் என்று பெருமையாகச் சேர்ந்தேன். அந்தப் பெருமை முதல் மாதத்தைத் தாண்டவில்லை.

பாசிர் கூடாங்குக்கு அருகே, நீர் வற்றும் நேரத்தில், கடற்பாசி படர்ந்த ஒரு சேற்றுத் திட்டு வெளியே தெரியும். அங்கே ஓடில்லாத சின்னக் கடல் நத்தைகள் இருந்தன. பாசியை உறிஞ்சித் தின்று அந்தப் பச்சையை உடம்பிலேயே தேக்கிக்கொள்பவை. கிழிந்த இலைத் துணுக்கு என்று நினைத்துக் கையில் எடுத்தால், அது மெல்லத் தலையை நீட்டும். அவற்றின் உடம்பில் என்ன வைரஸ்கள் குடியிருக்கின்றன என்று எங்கள் பக்கத்தில் யாரும் தேடிப் பார்த்ததில்லை. நான் தேடலாமா என்று கேட்டேன்.

“அலமாக்!” என்று மலாய் பாணியில் அலுத்துக்கொண்டார். “இந்தச் சளிய வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?” என்றார். “இறால்ல எதாவது தேடுங்க. இறாலுக்குத்தான் மதிப்பு.”

வேண்டாம் என்று அழுத்திச் சொல்லவுமில்லை. அவர் எதையும் அழுத்திச் சொல்ல மாட்டார். பின்னால் எந்தப் பக்கம் சாய வேண்டியிருக்குமோ என்ற கவலை.

நத்தைகளைப் பிடித்து, அரைத்து, மரபணுப் பொருளைப் பிரித்து, வரிசையைப் படிக்க அனுப்பினேன். திரும்பி வந்தது கோடிக்கணக்கான துண்டு எழுத்துகள். பெரும்பகுதி நத்தையுடையது, கொஞ்சம் பாசியுடையது. மீதி எதோடும் பொருந்தவில்லை. அந்த மீதியைக் குப்பை, தூக்கிப் போடுங்கள் என்றார் பேராசிரியர். நான் போடவில்லை. துண்டுகளை ஒட்டி நீளமாக்கி, அவை உருவாக்கக்கூடிய புரதங்களைத் தெரிந்த வைரஸ்களின் புரதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு நீண்ட வரிசையில், வைரஸ் தன்னைத்தானே நகலெடுக்கப் பயன்படுத்தும் பகுதி தெளிவாகத் தெரிந்தது. அதுவரை யாரும் பதிவு செய்யாத வைரஸ். மறுபடி நத்தைகளைப் பிடித்து வந்து சோதித்தேன். அவை இட்ட முட்டைச் சுருள்களிலும் அது இருந்தது. அவை தின்ற பாசியில் இல்லை; ஆக, அது நத்தையுடையதுதான். அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

வகைப்படுத்தினால் அது கொரோனா வைரசுக்கு மிகமிகத் தூரத்து உறவு. நமக்கும் மண்புழுவுக்கும் இருக்கும் உறவுபோல. இதையும் சேர்த்துத்தான் அறிக்கையில் எழுதினேன். அவர் அதில் ஒரு சொல்லை மட்டும் படித்தார்.

மறுவாரம் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டார். புதிய வெள்ளைக் கோட்டு, சலவை மடிப்புக்கூடக் கலையவில்லை. ஜொகூர் நீரிணையில் கொரோனாவின் உறவினரைத் தம் குழு கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். பக்கத்தில் கண்ணாடித் தொட்டியில் நத்தைகள். ஒரு நிருபர் கையில் எடுத்துக் காட்டச் சொன்னபோது என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் எடுத்துக் கொடுத்தேன். படத்தில் என் விரல்கள் மட்டும் வந்தன.

ஒரு பத்திரிகை ‘கடல் அட்டையில் கொரோனா’ என்று எழுதி, நத்தைக்குப் பதிலாகக் கடல் அட்டையின் படத்தைப் போட்டது. லாபிஸிலிருந்து அம்மா போன் செய்தார். கடல் அட்டையிலிருந்து எடுக்கும் கமாட் எண்ணெயைத்தான் அவர் முட்டிக்குத் தேய்ப்பார். “அந்த எண்ணெயத் தூக்கிப் போட்டுட்டேன்மா. நீ அதைக் கையால தொடுறியா?” என்று கேட்டார். அது வேறு பிராணி என்று விளக்கி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. படித்த மனிதர் பேசியதை நம்பியது அம்மாவின் தப்பில்லை.

சேற்றுத் திட்டுக்குப் பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், ஒரு மலாய்க்கார அம்மா சிப்பி விற்பார். மாக்சிக், அதாவது அத்தை, என்றுதான் கூப்பிடுவேன். நத்தை பிடித்துவிட்டு வரும்போது கால் கழுவத் தண்ணீர் தருவார். செய்தி வந்த வாரத்தில் அவர் கடை முன்னால் ஒரு காரும் நிற்கவில்லை. சிப்பி கூடையிலேயே நாறியது. அதைக் கடலில் கொட்டிக்கொண்டிருந்தவர், நீயா இதைச் செய்தாய் என்று மலாயில் கேட்டார்.

பேராசிரியரிடம் போய், செய்தியைத் திருத்தச் சொன்னேன்.

“பேப்பர்காரனுக்குப் புரியற மாதிரி சொன்னேன்லா,” என்றார். “இப்ப நம்மளப் பத்தி எல்லாரும் பேசுறாங்க. அது நல்லதுதானே?”

அவர் நிமிரவில்லை. செய்தியை எத்தனை பேர் பகிர்ந்திருக்கிறார்கள் என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் மேல் அதுவரை எனக்குக் கோபம்தான் இருந்தது. அன்றோடு கோபமும் போய்விட்டது. கோபப்படும் அளவுக்கு அங்கே ஆள் இல்லை.

அந்த இடத்துச் சிப்பிகளை வாங்கிச் சோதித்தேன். எதிலும் வைரஸ் இல்லை. கம்பத்து மக்கள் மண்டபத்தில் கூட்டம் போட்டு விளக்கம் கேட்டபோது, பேராசிரியர் வேறு வேலை என்று சொல்லி என்னை அனுப்பினார். மலாயில் பேசினேன். “இது நத்தையின் வைரஸ். மனிதருக்குத் தொற்றும் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. உங்கள் சிப்பியில் தேடினேன், இல்லை. பத்திரிகையில் வந்தது தவறு. தவறாகச் சொன்னது எங்கள் பேராசிரியர்.” கடைசி வாக்கியம்தான் ஊர் முழுக்கப் பரவியது.

பல்கலைக்கழக மேலிடம் பயந்துபோய், பேராசிரியர் கேமரா முன் சிப்பி சாப்பிட ஏற்பாடு செய்தது. மாக்சிக்தான் அவித்துக் கொடுத்தார். பேராசிரியர் ஒன்றை வாயில் போட்டு, கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தார். கேமரா திரும்பியதும் டிஷ்யூவில் துப்பி, மடித்து, மாக்சிக்கின் தட்டிலேயே வைத்தார். மாக்சிக் பார்த்தார். தட்டை எடுத்துப் போய், அவர் கண்ணெதிரே மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினார்.

கடைக்குக் கார்கள் மெல்லத் திரும்பின. நான் எழுதிய ஆய்வுக் கட்டுரை வெளியானது, அவர் பெயர் முதலில். நான் வேறு ஆய்வுக்கூடத்துக்கு மாற்றல் கேட்டேன், கிடைத்தது. கிளம்பும் நாளில் என்னைக் கூப்பிட்டு, எதிலும் உணர்ச்சிவசப்படக் கூடாது, ஆராய்ச்சிக்கு அது ஆகாது என்று அறிவுரை சொன்னார். பிறகு குளிர்பெட்டியிலிருந்த என் நத்தை மாதிரிகளை ஐஸ் பெட்டியில் அடுக்கி, அவரைத் தாண்டி வெளியே வந்தேன். கதவைக்கூட அவர் திறந்து பிடிக்கவில்லை. பெட்டி ஈரமாக இருந்தது; கிட்டே வந்தால் அவர் கோட்டில் பட்டுவிடும்.